ஊர் சுற்றப் போன மலைநிழல்

தவிட்டுமலையின் நிழல் அடிவாரத்தை விட்டுக் கிளம்பி நாலு நாள் ஊர் சுற்றப் போனது ஒரு சித்திரை மாதத்தில், திருப்பூரிலிருந்து வந்திருந்த சுற்றுலா பஸ்ஸோடு, மரகதவல்லி என்கிற நாற்பத்தேழு வயதுப் பெண்ணின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு. அந்த நாலு நாளும் மலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் வெட்டவெளியில் நிற்க வைத்த ஆளைப் போலக் கூசிக்கொண்டு நின்றது என்று தவிட்டுமலைப்பட்டிக்காரர்கள் இப்போதும் சொல்கிறார்கள்.

மரகதவல்லி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, விரலால் தடவி, விட்டுப்போன தையலையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடித்து ஒதுக்கிவைக்கிற வேலை. துணியில் கை நிழல் விழுந்தால் கறை தெரியாது என்பதால் அந்த செக்ஷனில் நாலு பக்கமும் டியூப்லைட் கட்டியிருப்பார்கள், யாருக்கும் நிழலே விழாது. அவள் வெயில் ஏறுமுன் உள்ளே போய் வெயில் இறங்கிய பின் வெளியே வருகிறவள். இருபத்திரண்டு வருடம் இப்படியே போனதில் அவளுக்கும் அவள் நிழலுக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. புருஷன் காலமாகி, மகள் கல்யாணமாகிப் போய், லைன் வீட்டில் தனியாக இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கூட்டம் கூட்டமாக உட்காரும்போது அவள் ஓரத்தில் ஓர் இடம் பார்த்து உட்காருவாள். யாருக்கும் அவள்மேல் பகை இல்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

ஆர்டர் வராமல் கம்பெனி ஐந்து நாள் மூடியபோது, செக்ஷன் சூப்பர்வைசர் சுல்தானா, "வீட்ல கிடந்து புழுங்குறதுக்கு நாலு ஊர் பாத்துட்டு வரலாம்" என்று சொல்லி ஒரு பஸ்ஸைப் பிடித்தாள். இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். மலை, கோட்டை, கோவில், கடைசியில் கோடிக்கரையில் கடல். பாதிப்பேர் கடலையே பார்த்ததில்லை. மரகதவல்லியும் பார்த்ததில்லை.

முதல் நாள் மதியம் இரண்டரை மணிக்குத் தவிட்டுமலையில் இறங்கினார்கள். அங்கே அவர்களுக்காக வழிகாட்டி ஞானப்பிரகாசம் காத்திருந்தார். ஐம்பது வயது, சரித்திரம் படித்தவர், கையில் ஒரு மடக்குக் குடை, அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை, சுட்டிக்காட்டத்தான் வைத்திருந்தார். பாறையில் வெட்டிய படிகளில் ஏறி, முனிவர்கள் படுத்திருந்த கல்படுக்கைகளையும், குகை மேற்கூரையில் மங்கிப்போயிருந்த தாமரைக் குளத்தையும் காட்டினார். படுக்கைகளில் தலையணைபோல ஒரு மேடு விட்டுச் செதுக்கியிருந்தது. "ஆயிரத்து எத்தனையோ வருஷமாச்சு, கல்லு இன்னும் வழவழன்னு இருக்கு பாருங்க" என்றார். மரகதவல்லி பழக்கதோஷத்தில் அந்தக் கல்லை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு குறையும் தட்டுப்படவில்லை.

இறங்கும்போது அவள்தான் கடைசி. ஊருக்கு மேற்கே மலை, மலைக்குக் கிழக்கே ஊர். அதனால் மதியம் திரும்பினால் மலையின் நிழல் ஊர்மேல் சாயும். பெண்கள் ஒவ்வொருவராக அந்தப் பெரிய நிழலுக்குள் இறங்கி, அதைக் கடந்து, பஸ் நின்றிருந்த வெயிலுக்கு வெளியே வந்தார்கள். ஒவ்வொருத்தி பின்னாலும் அவளவள் நிழல் வந்தது. மரகதவல்லி வெளியே வந்தபோது அவளுடைய நிழல் வரவில்லை, மலையின் நிழல் வந்தது. பாறையை விட்டு அது பிரிகிறபோது ஈரத்துணியைக் கல்லிலிருந்து உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாக டிரைவர் முத்துராக்கு சொன்னார். பஸ்ஸின் மேல் இருட்டு வந்து விழுந்ததும் ஞானப்பிரகாசம் திரும்பிப் பார்த்து, "யாரோ மலையைக் கையோட கூட்டிட்டு வர்றீங்க" என்றார்.

"நானுங்க" என்றாள் மரகதவல்லி, கூச்சத்தோடு. "தெரியாம வந்துருச்சுங்க."

"சரி, ஏறுங்க, நேரமாச்சு" என்றார் முத்துராக்கு.

அன்று பஸ் புதுக்கோட்டைக்குப் போன வழியெல்லாம் தார்ச்சாலை குளிர்ந்து கிடந்தது. ஜன்னல் வழியே நனைந்த பாறையின் வாசனையும் வௌவால் வாசனையும் வந்தன. நிழலின் ஓரத்தில் மலையுச்சி மரங்களின் நிழல்கள் அசைந்தன, பருந்து ஒன்றின் நிழல் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தது, பருந்து வரவில்லை. பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வந்தார்கள்; ஒரு செம்மறி ஆட்டு மந்தை ரெண்டு கிலோமீட்டர் கூடவே ஓடி வந்தது, மேய்ப்பவரும் அதைத் தடுக்கவில்லை, அவரும்தான் ஓடி வந்தார். பஸ்ஸில் ஏஸி இல்லை என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் சால்வையைத் தேடினார்கள்.

அடுத்த நாள் திருமயம் கோட்டையில் பெண்கள் சீக்கிரமே ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள். மற்றவர்கள் மரகதவல்லியின் நிழலுக்குள் கூடவே நடப்பது, காலையில் நிழல் மேற்கே நீளும், ஆகவே அவளுக்கு மேற்கே, மாலையில் கிழக்கே, உச்சிவேளையில் நிழல் சுருங்கி ஒரு கல்யாண மண்டப அளவுக்கு வந்துவிடும், அப்போது எல்லாரும் நெருங்கி உட்கார்ந்து சாப்பிடுவது. ராத்திரி தங்கிய இடங்களில் அறைக்குள் அவளை விட முடியவில்லை. விளக்குப் போட்டால் அறை முழுக்க மலை நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. அதனால் அவள் வராந்தாவில் படுத்தாள், அவளுக்குத் துணையாக ஆறுபேர் பாயை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு யாரும் துணைக்கு வந்து படுத்து எத்தனையோ வருடமாகியிருந்தது. அவள் தூங்காமல் அவர்கள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

திருமயம் பார்த்த அன்றே சாயங்காலம் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதல் போன் வந்தது. பர்மாத் தேக்குத் தூண்களைக் குடையால் காட்டிக்கொண்டிருந்த ஞானப்பிரகாசம் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே முற்றத்துக்கு வந்தார். முற்றத்தில் மரகதவல்லி நின்றிருந்தாள்; அவள் நிழலில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரும் அவர் மனைவியும் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தவிட்டுமலைப்பட்டியிலேருந்து வார்டு மெம்பர் அடைக்கலம் பேசுறாரு" என்றார் ஞானப்பிரகாசம். "மலைக்கு நிழல் இல்லையாம். மத்தியானத்துக்கு மேல அந்த நிழல்லதான் அவங்க பொம்பளைங்க சல்லிக்கல்லு உடைப்பாங்களாம். வெயில்ல ரெண்டு பேரு மயங்கி விழுந்துட்டாங்களாம். எப்பக் கொண்டாருவீங்கன்னு கேக்குறாரு."

எல்லாரும் மரகதவல்லியைப் பார்த்தார்கள். அவள் தன் காலைப் பார்த்தாள்.

"நான் எடுத்துட்டு வரலீங்க. அதுவா வந்துச்சு."

"சரி. என்ன சொல்லட்டும்?"

"நாளைக்குன்னு சொல்லுங்க."

மறுநாள் தஞ்சாவூர். பெரிய கோவிலில் பதினோரு மணிக்குக் கல்தளம் கொதித்துக்கொண்டிருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்த ஜனங்கள் குதிகாலில் ஓடி ஓடி, எங்கே ஒரு சாண் நிழல் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். மரகதவல்லி கோபுர வாசலில் நுழைந்தபோது பின்னால் வந்த மலைநிழல் உள்ளே வரக் கொஞ்சம் சிரமப்பட்டது, அப்புறம் மதிலுக்கு மேலாகவே வழிந்து இறங்கியது. தளம் முழுவதும் தணிந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். விமானத்திலிருந்து புறாக்கள் இறங்கி வந்து கல்லில் வயிற்றை வைத்து உட்கார்ந்தன.

"இந்தக் கோபுரத்து நிழல் தரையில விழாதுன்னு சொல்வாங்களே, நிஜமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"விழும். நானே பாத்திருக்கேன்" என்றார் ஞானப்பிரகாசம். "இன்னைக்குப் பாக்க முடியாது. மலை மறைக்குது."

மரகதவல்லி நந்தி மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். அப்புறம் நடந்ததை அவள் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அவளைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். கரூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, வேலை நேரத்தில் தொப்பியைக் கழற்றாத ஒரு பெண் போலீஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வரிசை, சுவரில் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள். பெண் போலீஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ ஒரு தாய் தூங்குகிற குழந்தையை அவள் பக்கத்தில் துண்டு விரித்துப் படுக்க வைத்து, "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா, சாமி கும்பிட்டு வந்துர்றேன்" என்று பெயர்கூடக் கேட்காமல் போய்விட்டாள். அந்தக் குழந்தையின் உள்ளங்கை திறந்து கிடந்தது. மரகதவல்லி அதற்குள் ஒரு விரலை வைத்தாள், அது மூடிக்கொண்டது. இருநூறு முந்நூறு பேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது போன் அப்போதுதான் வந்தது. ஞானப்பிரகாசம் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "அடைக்கலம்தான். நாளைக்குன்னு சொன்னீங்களாம்."

குழந்தை அவள் விரலை விடவில்லை.

"மலைக்கு மலை இருக்குதுங்களே" என்றாள். "எனக்கு என்னங்க இருக்குது? தர மாட்டேன்னு சொல்லிருங்க."

ஞானப்பிரகாசம் அதை அப்படியே சொல்லவில்லை. சிக்னல் சரியாக இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆனால் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு அது பிடித்திருந்தது. ஏனென்றால் இதற்குள் அவர்கள் பஸ்ஸின் பின்சீட்டில் கூடிப் பேசி ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். செக்கிங் செக்ஷனுக்குத் தகரக் கூரை; சித்திரை வைகாசியில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும்; மரகதத்தை மொட்டை மாடியில் ஒரு குடிசை போட்டு உட்கார வைத்து, அவள் பங்குத் துணியையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், கம்பெனி முழுக்க மலை நிழல். சுல்தானாதான் அதை முதலில் சொன்னவள். மரகதவல்லியிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் முதல் அவளுக்கு ஜன்னலோரச் சீட்டும், பூவும், முதல் தட்டுச் சோறும் கிடைத்தன.

நாலாம் நாள் காலையில் வேதாரண்யத்தை நெருங்கினார்கள். சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். வானத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பாத்தி கட்டியது போல வெள்ளைவெளேரென்று கிடந்தது. "காந்தி உப்புக்காக நடந்த காலத்துல இங்கேயும் நடந்தாங்க, திருச்சியிலேருந்து இதுவரைக்கும்" என்று ஞானப்பிரகாசம் சொன்னார். இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள், பஸ் நின்றது, மரகதவல்லி இறங்கி வரப்பில் நின்றாள், உப்பளத்தின்மேல் மலை சாய்ந்தது.

பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கையிலிருந்த பலகையை வைத்துவிட்டு வரப்பில் ஏறி உட்கார்ந்தார்கள். தலைத்துணியை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார்கள். ஒருத்தி குடத்துத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அரைமணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. மரகதவல்லிக்கு மறுபடியும் தஞ்சாவூர் மாதிரி இருந்தது. அப்போது அவர்களில் மூத்தவளான அஞ்சம்மாள் பாத்தியில் இறங்கி, தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தாள். உப்பு தின்று அவள் பாதங்களில் தோல் வெடித்திருந்தது.

"நல்லாருக்கும்மா" என்றாள். "பதினெட்டு வருஷமா இங்க வேல பாக்குறேன், இந்த நேரத்துல உக்காந்ததே இல்ல. ஆனா போதும், நீ கெளம்பு."

"ஏனுங்க? இன்னும் கொஞ்சம் இருங்களேன்."

"தண்ணியப் பாரு. பளபளன்னு கெடக்கு, ஒரு பொடி உப்பு எறங்கல. நீ இன்னும் ஒரு மணி நேரம் நின்னேன்னா இன்னைக்குப் பாடு வீண்தான்."

"நிழல் வேண்டாங்கிறீங்களா?"

"வேண்டாம்னு யாரும்மா சொல்லுவா? இந்த எடத்துக்கு ஆகாது, அவ்வளவுதான். எங்கேருந்து கொண்டாந்த இத?"

மரகதவல்லி பஸ்ஸுக்குப் போகத் திரும்பினாள். சாலையில் ஒரு பைக் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவனுக்கு நாற்பது வயதிருக்கும், கழுத்திலும் கையிலும் தோல் கருகி உரிந்திருந்தது, தலையில் ஈரத்துண்டு. அவன் அவளைத் தேடவே இல்லை. நேராக நிழலின் ஓரத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கால் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான்.

"நம்ம மலைதான்" என்றான்.

அவன்தான் அடைக்கலம். ஞானப்பிரகாசம் காட்டியதும் மரகதவல்லிக்கு முன்னால் வந்து கைகூப்பினான். "சண்டைக்கு வரல ஆத்தா. போன்ல பேசுனா சரியா வரல, நேருல கேட்டுட்டுப் போவோம்னு வழியெல்லாம் விசாரிச்சு வந்தேன்."

சுல்தானா நடுவில் வந்தாள். "இந்தப் பொம்பளை திருடிட்டா வந்தா? உங்க நிழலை நீங்க கட்டி வெச்சிருக்கணும்."

"தப்புதாங்க" என்றான் அடைக்கலம் பணிவாக. "அது எங்கேயும் போகும்னு நாங்க நெனைக்கல." அப்புறம் மரகதவல்லியைப் பார்த்துச் சொன்னான்: "உங்க நிழல் பத்திரமா இருக்கு ஆத்தா. அதையும் சொல்லணும்னுதான் வந்தேன்."

மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாலு நாளில் அவளுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"என்ற நிழலா?"

"ஆமா. அடிவாரத்துல, நீங்க இறங்குன பாறைக்கிட்டயே நிக்கிது. ஆடு மிதிச்சிரும்னு நாலு கல்ல வச்சு மறிச்சிருக்கோம். ஊருக்கே இப்ப அது ஒண்ணுதான் நிழலு. முறை வச்சு உக்கார்றாங்க. செல்லாயின்னு ஒரு புள்ள, சல்லி உடைக்கிறவ, எட்டு மாசம். அவளுக்கு மட்டும் கூட நேரம் குடுத்திருக்கோம்."

"ஒரு ஆளு நிழல்ல என்னங்க இருக்குது, உக்கார்றதுக்கு?"

"அது எனக்குத் தெரியாது ஆத்தா. செல்லாயி சொல்றா, அந்த நிழலுக்குக் கை சும்மா இருக்காதாம். தலையத் தடவுதாம். சேலையில கிழிசல் இருந்தா அந்த எடத்துலயே வந்து நிக்கிதாம்."

மரகதவல்லி தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு, "எத்தனை மணி நேரங்க உங்க ஊருக்கு?" என்றாள்.

"நாலஞ்சு மணி நேரம். இப்பக் கெளம்புனா வெயிலோட போயிரலாம்."

பஸ் பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். கோடிக்கரை இன்னும் பத்து கிலோமீட்டர்தான் என்றார்கள். கடலைப் பார்த்துவிட்டு எல்லாருமாகப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றார்கள். நாளைக்கு என்று ஏற்கெனவே ஒருதரம் சொன்னோமே என்று மரகதவல்லி சொன்னாள். அப்போதுதான் சுல்தானா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்துட்டு வந்துட்டா செக்ஷன் கூரை?" என்று கேட்டுவிட்டாள்.

மொட்டை மாடியும் குடிசையும் மெல்ல வெளியே வந்தன.

"அப்ப வராந்தாவுல வந்து படுத்தீங்களே" என்றாள் மரகதவல்லி, "எனக்குத் துணைக்கா, நிழலுக்கா?"

சுல்தானா பொய் சொல்கிறவள் அல்ல. "தெரியல மரகதம்" என்றாள். "முதல்ல நிழலுக்குத்தான். அப்புறம் தெரியல."

மரகதவல்லி பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நீங்கள் கடலைப் பாருங்கள், காலையில் மலைக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். பைக் கிளம்பியது. உப்பளத்தின்மேல் கிடந்த மலை மெல்ல நகர்ந்து, சாலையேறி, அவள் பின்னால் போனது. பாத்திகளில் வெயில் விழுந்ததும் அஞ்சம்மாள் பலகையை எடுத்தாள்.

திருத்துறைப்பூண்டியைக் கடந்து, பட்டுக்கோட்டையைக் கடந்து, தென்னந்தோப்புகளின் மேலும் கூரைகளின் மேலும் ஏறி இறங்கி அந்த நிழல் வந்தது. டீக்கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் மழை வருகிறது என்று எழுந்து, பைக்கில் ஒரு பெண் போவதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்கள். வழியில் ஒரே ஒரு இடத்தில் அடைக்கலம் நிறுத்தி அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

தவிட்டுமலைப்பட்டியில் நாலு மணிக்கு இறங்கினார்கள். நிழல் இல்லாத மலை ஒரு பக்கமும் ஆழமில்லாமல், வானத்தில் ஒட்டி வைத்த காகிதம் மாதிரி இருந்தது. கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றன. அடிவாரத்தில், நாலு கல்லுக்கு நடுவே, மரகதவல்லி தன் நிழலைப் பார்த்தாள். அது கொஞ்சம் கூன் போட்டிருந்தது, தோள் இறங்கியிருந்தது, இரண்டு கைகளும் முன்னால் எதையோ தடவுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன. இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு இருந்தது. அதற்குள் காலை மடக்கிச் செல்லாயி உட்கார்ந்திருந்தாள், இருபத்தைந்து வயதிருக்கலாம், முதுகை நிழலின் மடியில் சாய்த்து, கண்ணயர்ந்திருந்தாள். வெயிலில் மூன்று பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள், அவளை யாரும் எழுப்பவில்லை.

பெரிய நிழல் மேலே வந்து விழுந்ததும் செல்லாயி கண்விழித்தாள். மரகதவல்லியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயாக்கா அது?" என்றாள். "கைய வச்சே கண்டுபுடிச்சுட்டேன்."

மரகதவல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல், "கஷ்டப்பட்டுட்டீங்களா?" என்றாள்.

"மொத நாள் வாந்தியும் மயக்கமும். அப்புறம் இது இருந்துச்சு. வேற எதுவும் வேணாம், யாரோ நம்மளப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்கன்னு இருந்துச்சு." அவள் மரகதவல்லியின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "அந்த நேரத்துல இவனும் சும்மா இருப்பான். பாரு, இப்பவும் சும்மா இருக்கான்."

மரகதவல்லி எழுந்து பாறைக்குப் போனாள். முதல் நாள் எங்கே கால் வைத்து இறங்கினாளோ அங்கே நின்றாள். தரணும் என்று மனதில் நினைத்தாள், அவ்வளவுதான் செய்தாள். பாதத்திலிருந்து ஏதோ கழன்றது. குளிர்ச்சி காலை விட்டு, முழங்காலை விட்டு இறங்கி, பாறையில் ஏறி, மலையின் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்தது. மலைக்கு ஆழம் வந்தது. கோழிகள் வாயை மூடின. ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து, அவரவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

அவளுக்கு உடனே ஒரு சங்கடம் வந்தது. மலைநிழல் திரும்பி விழுந்ததும் அவளுடைய சின்ன நிழல் அதற்குள் கலந்து தெரியாமல் போய்விட்டது. நாலு கல் இருந்தது, நடுவில் எங்கு பார்த்தாலும் ஒரே இருட்டாக இருந்தது. காலையில் கிழக்கு வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றான் அடைக்கலம். அன்று அவள் செல்லாயி வீட்டில் சாப்பிட்டு அங்கேயே படுத்தாள். நிழலே இல்லாத அந்த ஒரு பொழுதில் உடம்பு லேசாக, கொஞ்சம் பயமாக இருந்தது.

காலையில் எட்டு மணிக்கே வெயில் ஏறியது. காலை நேரத்தில் மலையின் நிழல் அந்தப் பக்கம் மேற்கே விழும்; ஆகவே இந்தப் பக்கத்துப் பெண்கள் எப்போதும் மதியம்வரை வெயிலில்தான் சல்லி உடைப்பார்கள்; அது அவர்களுக்குப் பழகியது. இருபது முப்பது பேர் சல்லிக் குவியலுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து சுத்தியலைத் தூக்கிவிட்டார்கள். நாலு கல்லுக்கு நடுவே அவளுடைய நிழல் தெளிவாகக் கிடந்தது. செல்லாயி அதற்குள் உட்கார்ந்து கல்லை உடைத்துக்கொண்டிருந்தாள்.

மரகதவல்லி வந்ததும் அவள் நகர்ந்துகொண்டாள். "எடுத்துக்கக்கா. உன்னோடதுதானே."

மரகதவல்லி கல்லைத் தாண்டி நிழலின் காலடியில் தன் காலை வைத்தாள். ஊசியில் நூல் ஏறுகிற மாதிரி மெல்ல ஓர் இழுப்பு, அவ்வளவுதான், அது வந்து சேர்ந்தது. கையைத் தூக்கினாள், அதுவும் தூக்கியது. இரண்டு அடி நடந்தாள், கூட வந்தது. செல்லாயியின் முகத்தில் வெயில் அடித்தது. அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சுத்தியலை ஓங்கினாள்.

மரகதவல்லி அந்த இரண்டு அடியையும் திரும்ப நடந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் அவள்மேல் விழும்படி நின்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீங்க உடைங்க."

ஒன்பதரை மணிக்கு பஸ் வந்தது. முத்துராக்கு இரண்டு தரம் ஹாரன் அடித்தார். அவள் வரவில்லை. சுல்தானா இறங்கி வந்தாள். புடவைக் கரையில் கடல் மணல் ஒட்டியிருந்தது. மரகதவல்லியையும், அவள் காலடியில் விழுந்து கிடந்த சாதாரண நிழலையும், அதற்குள் உட்கார்ந்திருந்த கர்ப்பிணியையும் பார்த்தாள். பக்கத்துச் சல்லிக் குவியலுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணின்மேல் தன் நிழல் விழுகிற மாதிரி ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டாள். பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்கினாள், இன்னொருத்தி இறங்கினாள். முத்துராக்கு இன்ஜினை நிறுத்தினார். ஞானப்பிரகாசமும் வந்து வரிசையின் கடைசியில் நின்று, குடையை விரித்தார்.

"நீங்க ஊருக்குப் போக வேணாமா?" என்று கேட்டாள் செல்லாயி.

"போகணும்" என்றாள் சுல்தானா. "உங்க மலை இந்தப் பக்கம் எப்ப வரும்?"

"ரெண்டு மணி ஆகும்."

சுல்தானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, காலைக் கொஞ்சம் அகட்டி, நன்றாக நின்றாள். சுத்தியல் சத்தம் மறுபடி தொடங்கியது. வெயில் ஏற ஏற நிழல்கள் குறுகின. நிழல் குறுகக் குறுக நின்றிருந்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்களை நோக்கி ஓரடி, அரையடி என்று நெருங்கி வந்தார்கள். உச்சிவேளையில் ஒருத்தி புடவை இன்னொருத்தி தோளில் உரசிக்கொண்டிருந்தது.